எட்டுப் பேர் பிடித்த சுரம்

கைபேசியில் ஆர்கெஸ்ட்ரா கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மேடையில் எண்பது பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். கைபேசியின் ஓட்டை வழியாக வெளியே வருவது ஐம்பது பேர்கூட இருக்காது. முதலில் காணாமல் போகிறவர்கள் டபுள் பாஸ்காரர்கள், எட்டுப் பேர். வயலினை ஆள் உயரத்துக்கு மேல் வளர்த்துவிட்டதைப் போன்ற கருவியை அணைத்துப் பிடித்து வாசிப்பவர்கள். மற்ற எழுபத்திரண்டு பேரும் அவர்கள் போட்டுத் தந்த தரையில்தான் நிற்கிறார்கள். தரையைப் பெயர்த்து எடுத்துவிட்டு வீடு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தலையாட்டுகிற கூட்டத்தை என்ன சொல்வது?

என் மருமகள் கைபேசியை ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி, "இப்படி வெச்சா நல்லா சத்தமா கேக்குது மாமா, இது போதாதா?" என்றாள்.

"அந்த டம்ளருக்குள்ள எட்டு டபுள் பாஸ் இருக்கான்னு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "இப்போதைக்கு இல்ல மாமா. மோர்தான் ஒட்டிட்டிருக்கு."

அடுத்த எரிச்சல், குழந்தைகளுக்கு ஆர்கெஸ்ட்ராவை அறிமுகம் செய்கிறோம் என்று வருகிற வீடியோக்கள். பேத்திகளுக்காக ஒன்பது வீடியோ பார்த்தேன். ஒன்பதிலும் மிருகக்காட்சிசாலை. புல்லாங்குழல் குருவி, ஓபோ வாத்து, டபுள் பாஸ் யானை. விரல் நுனி காய்த்துப்போகிற அளவுக்கு ஆயுள் முழுக்கச் சாதகம் செய்த மனிதனை யானை என்று ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தருகிறார்கள். அவன் யானை இல்லை. ஆள். எட்டு ஆள். அதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

நான் சங்கீதக்காரன் இல்லை. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து கிரேன் தூக்கி இறக்குகிற மூட்டைகளை எண்ணுவதுதான் உத்தியோகம். கப்பல்காரன் ஒருவன் எண்ணுவான், கரைக்காரன் நான் எண்ணுவேன். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. கடைசியில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். மழை வந்தால் சரக்கு நனையாமலிருக்க கப்பல் கிடங்கின் மூடியைப் போட்டு வேலையை நிறுத்திவிடுவார்கள். அப்படி ஒரு மழையில் கப்பல்கார அதிகாரி ஒருவர் என்னைத் தன் அறையில் உட்காரவைத்து டேப் ரிக்கார்டரைப் போட்டார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது எண்கள் மட்டும்தான். அடியிலிருந்து ஒரு சத்தம் எழுந்தபோது அவர் எட்டு விரல்களைக் காட்டினார். மழை விட்டு மூடி திறப்பதற்குள் நான் இருபத்தாறு வாத்தியக்காரர்கள் வரை எண்ணிவிட்டேன். அன்றிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். ராகம், இலக்கணம் எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு சத்தத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கத் தெரியும்.

வீட்டில் பேத்திகளுக்கு நான் இதைச் சொல்லித்தர ஆரம்பித்தது ரசனை வளர்ப்பதற்காக அல்ல. ரசனையெல்லாம் வசதி உள்ளவர்கள் வளர்த்துக்கொள்ளட்டும். என் சின்னப் பேத்தி பள்ளிக்கூடம் போக வேண்டும். அதற்காக ஆரம்பித்தேன்.

எண்ணூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் பக்கத்து ஆலையின் சைரன் கம்பம் தெரியும். உச்சியில் நாலு திசைக்கு நாலு புனல். வாயு கசிந்தால் ஊதுவதற்காக வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டு காய்வதற்குள், மூக்கைப் பொசுக்குகிற நெடி வந்தது. நாலு புனலும் ஊதவில்லை. ஊதியது கீழ் வீட்டு மீன்காரம்மாதான், தன் தொண்டையால். "காஸு வுட்டுகீறானுங்க! புள்ளைங்கள தூக்கு! ஓடு!" அந்தக் குரல் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என் மகன் கப்பல் வேலைக்காரன், அப்போது கடலில் இருந்தான். மருமகள் சின்னதைத் தூக்கிக்கொண்டாள். பெரியவளை நான் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

சைரன் ஊதியது, நாங்கள் நெடுஞ்சாலையை அடைந்து மருத்துவமனை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு. அதிகாரிகளின் கார்கள் வந்து நின்ற பிறகு. நீளமாக, மூச்சு விடாமல், தன் கடமையைச் செய்கிற தோரணையில் ஊதியது. யாருக்காக ஊதினார்கள்? அதிகாரிகளுக்காகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் சின்னவள் தன் அம்மாவின் மடியில் இருந்தாள். அம்மாவின் கண்கள் இரண்டும் வீங்கி மூடிக்கிடந்தன. "அம்மா கண்ணத் தொற, அம்மா கண்ணத் தொற" என்று அவள் சொல்லச் சொல்ல, மேலே அந்தச் சத்தம்.

மருமகளின் கண் நாலு நாளில் சரியாயிற்று. சின்னவளின் காது சரியாகவில்லை. நீளமான சத்தம் எது வந்தாலும், கப்பல் சங்கோ அனல்மின் நிலையத்தில் நீராவி விடுகிற சத்தமோ, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் மின்சார மணி. ஒரு நாளைக்குப் பத்து முறை அடிக்கிறார்கள். பத்து முறையும் பெஞ்சுக்கு அடியில். வகுப்பு டீச்சர் மருமகளைக் கூப்பிட்டு, பொங்கல் விடுமுறை வரைக்கும் வீட்டில் வைத்திருங்கள், அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் அடுத்த வருஷமும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வேண்டியதுதான் என்றாராம். மருமகள் மாத்தூரில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்றாள். அங்கே மட்டும் என்ன, மணலி பக்கத்தில் சைரன் இல்லையா? வீட்டை மாற்றலாம். குழந்தையின் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பயம் எங்கள் தெரு முழுக்க இருந்தது, ஆனால் அது பழக்கமாக மாறிவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாளித் தண்ணீர், அதில் ஆளுக்கு ஒரு துண்டு ஊறப்போட்டிருக்கும். நீளமாகச் சத்தம் கேட்டால் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டும். எந்த மாடியிலாவது காய்கிற புடவையைப் பார்க்க வேண்டும். அது பறக்கிற பக்கமாக ஓடக் கூடாது. மூன்று வயதுக் குழந்தைக்கும் இது பாடம். ஆலைக்காரர்கள் சொல்லித்தந்தது இல்லை. அவர்கள் தந்தது ஒரு கண் பரிசோதனை முகாமும் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலமும்.

முதல் பாடம் முக்கோணக் கம்பிக்காரரைப் பற்றி. ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில், ஒரு கம்பியைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். எல்லாரும் வாசித்துக்கொண்டே இருக்க, இவர் எண்ணிக்கொண்டே இருப்பார். தன் முறை வரும்போது ஒரே ஒரு 'ணிங்'. ஒலியைக் குறைத்து வைத்து, பெரியவள் கரைக் கணக்கு, சின்னவள் கப்பல் கணக்கு என்று பிரித்துக்கொடுத்தேன். ஒருத்தி விரலை மற்றவள் பார்க்கக் கூடாது.

"அவரு எப்ப வருவாரு?" என்றாள் சின்னவள்.

"எண்ணு."

"தூங்கிட்டா?"

"தூங்குனா கச்சேரி கெட்டுடும். பக்கத்துல இருக்கறவங்க மொறைப்பாங்க."

பெரியவளுக்கு வேறு கவலை. "சொம்மா குந்திகினு இருக்கறதுக்கு அவருக்கும் ஃபுல் சம்பளமா தாத்தா?"

"சொம்மா இல்ல. எண்ணிட்டு இருக்காரு."

"அப்ப உன்ன மாதிரியா?"

அதற்குள் 'ணிங்' வந்தது. கப்பல் கணக்கு அறுபத்து நாலு, கரைக் கணக்கு அறுபத்தொன்று. மறுபடியும் முதலிலிருந்து போட்டோம். துறைமுகத்திலும் அதுதான் வழக்கம்.

இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்தோம். ஹார்ன் நாலு பேர். ட்ராம்போன் மூன்று பேர். முரசுகள் எத்தனை இருந்தாலும் அடிக்கிறவர் ஒருவர்தான் என்றபோது சின்னவள் நம்பவில்லை. ஒரு நாள் துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு கேட்டது. அவள் கை காதுக்குப் பாதி தூரம் போயிற்று. நடுவில் நின்றது. "ஒருத்தரு" என்றாள். இன்னொரு நாள் அனல்மின் நிலையத்தில் நீராவி விட்டார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கேட்டாள். "நெறைய பேரு தாத்தா. ஆனா யாருமே வாசிக்கல. சொம்மா கத்தறாங்க."

மிச்சமிருந்தது ஒன்று. நீளமாக, அடியில் கிடந்து, அசையாமல் வருகிற சத்தம். அசையாமல் நீள்வதில் சைரனும் பள்ளிக்கூட மணியும் அந்த ஜாதி. என்னிடம் ஓர் இசைத்தட்டு உண்டு. அதன் தொடக்கத்தில் எட்டு டபுள் பாஸும் சேர்ந்து ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வேறு எதுவும் நடக்காது. கேட்கிறவர் பொறுமை தீரப்போகிற சமயத்தில் அதன்மேல் ட்ரம்பெட் எழும். கைபேசியில் அந்த இடம் வெறும் மௌனம். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து மருமகள் இரண்டு முறை கைபேசியைத் தட்டிப் பார்த்தாள். ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொன்னால் சின்னவள் மறுத்தாள். "மாட்டிகினா, காஸு வந்தா எனக்குக் கேக்காதே!" இந்த ஊரில் ஒரு குழந்தை இரண்டு காதையும் இசைக்குக் கொடுத்துவிட முடியாது. இந்த லட்சணத்தில் வாழ்கிறோம்.

ஆகவே பரணிலிருந்து என் பழைய ரிக்கார்டு பிளேயரையும் அதன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் இறக்கினேன். பெட்டிகள் இடுப்பு உயரம். என் மனைவி இருந்தவரை அவற்றைக் கொலுப் படிக்கு முட்டுக்கொடுக்கத்தான் பயன்படுத்தினாள். மருமகளும் நானும் தூசி தட்டிக் கூடத்தில் வைத்தோம்.

"கீழ சொல்லிடுங்க மாமா" என்றாள். போய்ச் சொன்னேன். மீன்காரம்மா வாசலில் வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பாட்டு போடப்போறேன்மா. கொஞ்சம் சத்தமா இருக்கும்."

"போடு நைனா. எங்க வூட்ல மிக்ஸி போடசொல்ல நீ இன்னா கம்ப்ளைண்ட்டா குடுத்த?"

சனிக்கிழமை காலை. சின்னவளின் கையை எடுத்துப் பெட்டியின் பலகைமேல் வைத்தேன். இசைத்தட்டைப் போட்டேன்.

எட்டுப் பேரும் வந்தார்கள். தரை முதலில் கேட்டது, அப்புறம்தான் காது. ஜன்னல் கம்பி மெல்ல அதிர்ந்தது. சின்னவளின் உடம்பு கட்டையாக விறைத்தது, ஆனால் கை பலகையை விட்டு எழவில்லை. உதடு அசைந்தது. எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

அப்போது கீழே மீன்காரம்மாவின் குரல் கிளம்பியது. "காஸு! காஸு! ஓடு!"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரு முழுக்க ஈரத் துண்டுகள். ஷேர் ஆட்டோக்காரர் பின் இருக்கையில் ஐந்து குழந்தைகளைத் திணித்துக்கொண்டு வண்டியைத் திருப்புகிறார். தலையில் பாதி சோப்பு நுரையோடு ஒரு மனிதர் ஓடுகிறார். எதிர் மாடியில் காய்கிற புடவையை எல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒழுங்காகத் தெற்கே திரும்பி ஓடுகிறார்கள். யாரும் யாரையும் மிதிக்கவில்லை. பெரியவள்கூட வாளியிலிருந்து நாலு துண்டை எடுத்துவந்து எங்கள் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

சின்னவள் மட்டும் நகரவில்லை. "ஏன் ஓடறாங்க?" என்றாள். பிறகு, "எட்டுப் பேரு தாத்தா. எட்டுப் பேருதான். கடசி ஆளு கொஞ்சம் லேட்டு."

நான் நிறுத்தினேன். ட்ரம்பெட் வருவதற்குள்ளேயே நிறுத்திவிட்டேன்.

தெரு திரும்பி வந்தது. வந்த வேகத்தைச் சொல்லவே வேண்டாம். என் வீட்டு மாடிப்படியில் மட்டும் பத்தொன்பது பேர் நின்றார்கள்.

"இன்னா பெர்சு, பாட்டுன்னு சொன்ன? இதுவா பாட்டு?" மீன்காரம்மாவின் கையில் இன்னும் அரிவாள்மனைக் கட்டை. "கப்பலு முழுகுறமாரி கீது! மெர்சலாகி அரக் கிலோ வஞ்சிரத்த பூனைக்கு வுட்டுட்டு ஓடிகீறேன்!"

"எங்கம்மாவுக்கு பிரஷர் நைனா" என்றார் ஆட்டோக்காரர். "ரோட்டுல குந்தவெச்சுட்டு வந்துகீறேன். எதுனா ஆயிருந்தா நீ வருவியா?"

"பெர்சு தனக்குக் கொள்ளிவெக்க இப்பவே மேளம் பாத்துகினு கீதுபோல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"எம்மேல வந்து பாயறீங்களே! நெஜமா காஸு வந்த அன்னிக்கு அந்த நாலு புனலும் நேரத்துக்கு ஊதுச்சா? யாராவது போய் கம்பெனிப் படியில நின்னீங்களா? பிஸ்கட்ட வாங்கிட்டு வந்தீங்க! இன்னிக்கு என் பெட்டி ரெண்டு நிமிஷத்துல தெருவயே காலி பண்ணிச்சு. கம்பெனிக்காரனால முடிஞ்சுதா?"

"அப்ப கம்பெனியில போயி வேலைக்குச் சேரு!" என்றார் ஆட்டோக்காரர். பெட்டிகளை இனிமேல் போடக் கூடாது, போட்டால் தூக்கிக் கடலில் எறிந்துவிடுவோம் என்று தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கலைந்தது. மருமகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "கத்தாதீங்க மாமா. பாப்பாவப் பாருங்க." பாப்பா பெட்டிமேல் தலையைச் சாய்த்து, அதற்குள் இன்னும் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆலையிலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. சைரன்போல ஒலி எழுப்பிப் பொதுமக்களிடம் பீதி உண்டாக்கினால் புகார் கொடுக்க வேண்டிவரும் என்று மிகப் பணிவாகச் சொன்னார். வாசலில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

"உங்க சைரன எங்க புள்ளைங்க ஓடி முடிச்ச பெறகு ஒரே ஒரு தடவதானே கேட்டிருக்காங்க சார்" என்றேன். "ஒரு நாள் சொல்லிட்டு ஊதிக் காட்டுங்க. அப்புறம் யாரும் எதையும் குழப்பிக்க மாட்டாங்க."

"டெஸ்ட் பண்ணறதுல ஒரு பிரச்சினை சார். ஊதினா ஜனங்க பயந்துடுவாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் மீன்காரம்மா முந்திக்கொண்டார். "யோவ், இன்னா டபாய்க்கிற? பயந்தா ஓடத்தானே அத்த வெச்சுகீறீங்க? பெர்சோட பொட்டிக்கு ஓடுனோம், உன் புனலுக்கு ஓட மாட்டோமா? ஊதிக் காட்டுயா!"

சனிக்கிழமை என்மேல் பாய்ந்த அத்தனை பேரும் அன்றைக்கு அவர்மேல் பாய்ந்தார்கள். புதன்கிழமை பதினொரு மணிக்கு ஊதுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அவர் தெருவைத் தாண்ட முடிந்தது.

புதன்கிழமை எல்லா மாடிகளிலும் ஆட்கள். நாலு புனலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சின்னவள் என் வேட்டியைப் பிடித்திருந்தாள், காதைப் பொத்தவில்லை. பதினொன்று அடித்தது. ஒன்றும் வரவில்லை. அவள் எண்ண ஆரம்பித்தாள். அறுபத்து நாலைத் தாண்டினாள். நூறைத் தாண்டினாள். ஆட்டோக்காரர் பீடி பற்றவைத்தார். புனலில் உட்கார்ந்திருந்த காக்கை ஒன்று இறக்கையைக் கோதிவிட்டுக்கொண்டது. கீழே ஆலை வாசலில் நாலைந்து பேர் கம்பத்தைச் சுற்றி ஓடுவது தெரிந்தது. ஒரு முறை 'கர்' என்று செருமல் மாதிரி ஏதோ கேட்டது. அவ்வளவுதான்.

"தாத்தா" என்றாள் சின்னவள். மாடி முழுக்க அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "அவரு எண்ணாம வுட்டுட்டாரு."

ஆட்டோக்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

பழுது பார்க்க ஆள் வர வேண்டும், பாகம் வர வேண்டும் என்று ஆலையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அன்று மாலை மீன்காரம்மாவும் ஆட்டோக்காரரும் படியேறி வந்தார்கள். மீன்காரம்மா பெட்டிகளை ஒரு முறை சுற்றி வந்து பார்த்தார். "அவனுங்க ஊத மாட்டானுங்க பெர்சு. உன் எட்டு பேரையும் ரெடியா வெச்சுக்கோ. நெடி வந்தா நான் கொரல் குடுப்பேன், நீ போடு. எங்கொரலு கடசி வூடு வரைக்கும் போவாது, இது போவுது. ஆனா ஒண்ணு, சொம்மானாச்சும் போடாத. ஜனங்க நம்பாம பூடுவாங்க."

அவர் சொன்னது நியாயம். நியாயமாக இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மழையில் ஒரு மனிதர் எட்டு விரலைக் காட்டி எனக்குக் கொடுத்த சுரம், ஓர் ஆலை செய்யாத வேலையைச் செய்ய இன்று கூடத்தில் காவல் உட்கார்ந்திருக்கிறது. பெட்டிகளை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாயிற்று. இசைத்தட்டு எந்நேரமும் அதன் இடத்தில். இன்வெர்ட்டரோடு இணைத்திருக்கிறோம். மின்சாரம் தயாரிக்கிற ஊரில் மின்சாரம் போவதும் எனக்குத் தனியாக ஒரு கோபம்.

பொங்கல் கழிந்து சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள். முதல் நாள் மணிக்கு பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி ஒரு விரலைக் காட்டினாளாம். டீச்சர், ஒன் பாத்ரூம் போக வேண்டுமாக்கும் என்று நினைத்து அனுப்பிவைத்தாராம்.

சனிக்கிழமைகளில் நாங்கள் மூவரும் அந்த இசையைக் கேட்கிறோம், தொடக்கத்தை விட்டுவிட்டு. ட்ரம்பெட் எழுகிற இடத்திலிருந்துதான் போட முடியும். நான் ஊசியை அந்த இடத்தில் வைக்கப் போனால் சின்னவள் என் கையைப் பிடித்து நிறுத்துவாள். "இரு தாத்தா. அவங்க இன்னும் முடிக்கல." ஒலிக்காத பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து, அந்த எட்டுப் பேருக்கும் உரிய நேரம் முழுவதையும் எண்ணுவாள். பெரியவள் கரைக் கணக்கு. நான் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பேன். இருவர் கணக்கும் ஒத்துப்போன பிறகு, "ம், இப்ப போடு" என்பாள்.